கடலில் மெஷின் ரெடி, கேபிள் வரவில்லை: நஷ்டம் யார் தலையில்?

ஆரல்காற்று:
ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைப் பராமரிப்பில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் எட்டு மெஷின் ஏற்றி, இறக்கையெல்லாம் மாட்டி முடித்தும், துணை மின்நிலையத்தில் எங்கள் லைன் சேரும் இணைப்பிடம் (பே) தயாராகாததால் ஆனி ஆடி முழுக்கச் சும்மா நின்றன. காற்று ஆளைத் தள்ளுகிறது, மீட்டரில் பூஜ்யம். முதலாளிதான் பாங்க் வட்டி கட்டினார். இப்போது நம் கடலுக்குள் 500 மெகாவாட் காற்றாலை என்கிறார்கள். அங்கே இப்படி ஆனால் யார் பொறுப்பு? மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள்?

வடகடல்வாசி:
ஜெர்மனிக்காரர்கள் இதில் நன்றாகச் சூடு பட்டவர்கள். கடலுக்குள் போய் இணைப்புக் கொடுப்பது மின்கடத்தல் நிறுவனத்தின் கடமை என்று 2006-லேயே சட்டம் போட்டார்கள். அப்புறம் என்ன ஆயிற்று என்றால், வடகடலில் போர்க்கும் (Borkum) என்ற தீவுப் பக்கம் ரிஃப்காட் என்ற இடத்தில் 30 மெஷின், 108 மெகாவாட், 2013 ஆகஸ்டில் திறப்பு விழாவே நடந்துவிட்டது, ஆனால் கேபிள் போகும் பாதையில் கடலடியில் இரண்டாம் உலகப் போர்க் குண்டுகள் கிடந்ததால் அதையெல்லாம் எடுத்து முடிக்கும்வரை கரைக்கு லைன் இல்லை. உப்புக் காற்றில் அசையாமல் நின்றால் மெஷின் கெட்டுவிடும் என்று டீசல் ஜெனரேட்டர் வைத்துச் சுற்றவிட்டார்கள். காற்றாலைக்கு டீசல்! 2014 பிப்ரவரியில்தான் மின்சாரம் கரையேறியது.

இந்த மாதிரித் தாமதங்களுக்காகவே 2012 கடைசியில் சட்டத்தைத் திருத்தியிருந்தார்கள். அந்தத் திருத்தப்படி, உறுதி சொன்ன தேதி தாண்டி 11-வது நாளிலிருந்து, கிடைத்திருக்க வேண்டிய தொகையில் 90 சதவீதம் நஷ்டஈடு. கேட்க நன்றாக இருக்கிறதா? அதில் பெரும்பகுதி ஜனங்களின் கரண்ட் பில்லில் தனி வரியாக ஏறுகிறது. என் பில்லிலும் இருக்கிறது. மின்கடத்தல் நிறுவனம் கைக்காசு போடுவது தன் தவறு என்றால்தான், அதிலும் சாதாரண அலட்சியம் என்றால் உச்சவரம்பு உண்டு.

கேபிள்காரன்:
பிரிட்டனில் தலைகீழ். காற்றாலை கட்டுபவரே கடல் கேபிள், கடல் துணை மின்நிலையம் எல்லாம் போட்டுக்கொள்ளலாம், பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் உற்பத்தியும் கடத்தலும் ஒரே கையில் இருக்கக்கூடாது என்பதால் வேலை முடிந்ததும் ஆஃப்ஜெம் (அங்கே மின்துறையைக் கண்காணிக்கும் ஒழுங்குமுறை அமைப்பு) நடத்தும் ஏலத்தில் ஜெயிக்கிறவருக்கு விற்றுவிட வேண்டும். 2009-லிருந்து இதுதான் முறை. வாங்கியவர் 98 சதவீத நேரம் லைனை உயிரோடு வைத்திருக்க வேண்டும், குறைந்தால் வருமானத்தில் வெட்டு. கட்டும்போது கடல் கேபிள் தாமதம் என்றால் யாரையும் கைகாட்ட முடியாது, கேபிளும் உன்னுடையதுதானே. எனக்கு இதுதான் நேர்மையாகப் படுகிறது.

வடகடல்வாசி:
நேர்மைதான், ஆனால் பத்து பேர் பத்து கேபிள் தனித்தனியாகக் கரைக்கு இழுத்தால் கடற்கரை என்னாகும்? ஜெர்மனியில் சேர்த்துத் திட்டம் போடுவதால் பல காற்றாலைக்கு ஒரே லைன் என்று போக முடிகிறது.

டெண்டர்தாத்தா:
தம்பி, நம் ஊர்க் கதைக்கு வருவோம். 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை கடல் காற்றாலைக்கு 7,453 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. குஜராத்துக்கு 500, தமிழ்நாட்டுக்கு 500 மெகாவாட், அதில் 600 கோடி இரண்டு துறைமுகத்தைச் சீர்செய்ய. கடல் துணை மின்நிலையம் உட்பட மின்சாரத்தை வெளியே கொண்டுவரும் ஏற்பாடு முழுக்க மத்திய அரசின் மின்கடத்தல் நிறுவனமான பவர்கிரிட் செய்யும் என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். ஆக ஜெர்மனி வழி. மெஷினிலிருந்து அந்தத் துணை மின்நிலையம் வரைக்கும் உள்ள கேபிள் மட்டும் காற்றாலை கட்டுபவர் பொறுப்பு.

பொறுப்பு யாருக்கு என்று எழுதுவது லேசு. தாமதத்துக்கு என்ன என்பதுதான் விஷயம். நம் ஊர்க் காற்றாலை டெண்டர்களில் லைன் வராவிட்டால் கெடுவைத் தள்ளிப்போடும் வழக்கம் உண்டு, அபராதம் போடமாட்டார்கள். கெடு தள்ளினால் வட்டி நிற்குமா? ஒப்பந்தம் வந்தால் முதலில் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள்.

ஆரல்காற்று:
நன்றி ஐயா. எங்கள் முதலாளிக்கும் கெடு தள்ளித்தான் கொடுத்தார்கள். பாங்க்காரன் தள்ளவில்லை. ஒரு கேள்வி பாக்கி: மெஷினிலிருந்து வரும் கேபிள் கடல் துணை மின்நிலையத்தில் போய்ச் சேரும் அந்த ஜாயின்ட் பழுதானால் போட் எடுத்துக்கொண்டு போவது யார் ஆள்?