கண்ணுக்கு எடுக்கும் ஆஞ்சியோ: ஓ.சி.டி. எடுத்த பிறகும் சாயம் செலுத்திப் பார்க்க வேண்டுமா?

கேள்வி கேட்டவர்: வைகை வடகரை

அனைவருக்கும் வணக்கம். என் தாயாருக்கு வயது 63. சர்க்கரை நோய் வந்து 17 ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு மாதங்களாக இடது கண்ணில் எழுத்துகள் கலங்கித் தெரிகின்றன என்றும், நாள்காட்டியில் உள்ள கட்டங்களின் கோடுகள் நெளிந்து தெரிகின்றன என்றும் சொல்லி வந்தார்கள். கண் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது, சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரித்துப் பார்த்துவிட்டு, விழித்திரையின் அடுக்குகளை ஒளியைக் கொண்டு குறுக்குவெட்டாகக் காட்டும் ஓ.சி.டி. ஸ்கேனும் எடுத்தார்கள். விழித்திரையின் மையப் பகுதியான மாகுலாவில் நீர் கோத்திருப்பதாகவும், கண் நரம்புகளில் கசிவு இருப்பதாகவும் சொன்னார்கள். அடுத்த வாரம் வந்து கண்ணுக்கு ஆஞ்சியோகிராம் எடுத்துக்கொள்ள வேண்டும், அதைப் பார்த்த பிறகுதான் ஊசியா லேசரா என்று முடிவு செய்ய முடியும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆஞ்சியோ என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து அம்மா சரியாக உறங்கவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் அப்பாவுக்கு இதயத்தில் ஆஞ்சியோ எடுத்தபோது தொடை வழியாகக் குழாய் செலுத்தியதை அருகில் இருந்து பார்த்தவர்கள் அவர்கள். அதைப் போலக் கண்ணுக்குள்ளும் குழாய் விடுவார்கள் என்று அஞ்சுகிறார்கள். என் கவலை வேறு. சிறுநீரகத்தின் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் அம்மாவுக்கு 1.7 இருக்கிறது, இயல்பைவிடச் சற்றுக் கூடுதல். அப்பாவுக்கு எடுத்தபோது, சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்று சொல்லிச் சர்க்கரைக்கான மெட்பார்மின் மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். அம்மாவுக்கும் அந்த ஆபத்து உண்டா? சாயமே இல்லாமல் ஓ.சி.டி. ஆஞ்சியோ என்ற ஒன்று வந்துவிட்டதாகக் கேள்விப்படுகிறேன். அப்படி இருக்கும்போது இதை எதற்காக எடுக்கச் சொல்கிறார்கள்? கண் நரம்பு என்று அவர்கள் சொன்னது மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பையா என்பதும் எனக்கு விளங்கவில்லை. அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


மறுமொழி: இருட்டறை

வணக்கம். ஒரு கண் மருத்துவமனையில் விழித்திரைப் படம் எடுப்பவனாக 26 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். படச்சுருளில் எடுத்து இருட்டறையில் கழுவிய காலத்திலிருந்து கணினித் திரையில் உடனுக்குடன் பார்க்கும் காலம் வரை இந்தப் படத்தை ஆயிரக்கணக்கானவர்களுக்கு எடுத்திருக்கிறேன். அதனால் முதலில் உங்கள் தாயாரிடம் சொல்லுங்கள்: கண்ணுக்குள் எதையும் செலுத்த மாட்டார்கள், கண்ணைத் தொடக்கூட மாட்டார்கள். முழங்கை மடிப்பிலோ புறங்கையிலோ ஓர் ஊசி, அவ்வளவுதான். அதன் வழியாகப் புளோரசீன் என்ற ஆரஞ்சு நிறச் சாயத்தைச் செலுத்துவார்கள். பெரும்பாலும் 500 மில்லிகிராம், அதாவது 10 விழுக்காட்டுக் கரைசலில் 5 மில்லிலிட்டர். இரத்தம் அதைக் கண்ணுக்குக் கொண்டு சேர்க்கும். கேமரா வெளியிலிருந்து பாப்பா வழியாகப் படம் எடுக்கும்.

நரம்பு என்ற சொல் நம் பேச்சில் இரண்டு பொருள்களைச் சுமக்கிறது. கையில் ஊசி போடும் இரத்தக்குழாயையும் நரம்பு என்கிறோம், உணர்வைக் கடத்துவதையும் நரம்பு என்கிறோம். உங்களிடம் சொன்னது விழித்திரையில் ஓடும் நுண்ணிய இரத்தக்குழாய்களைத்தான் என்று நினைக்கிறேன். மாகுலாவில் நீர் கோப்பதற்குக் காரணமாக இருப்பவை அந்தக் குழாய்களே. பார்வை நரம்பு வேறு. இந்தக் குழப்பத்தால் "நரம்பு போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று நினைத்துச் சிகிச்சைக்கே வராமல் இருந்துவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், ஆகவே இதைத் தெளிவாக்கிக்கொள்வது அவசியம்.

இனி, இதை எதற்காக எடுக்கிறார்கள் என்பது. புளோரசீன் மீது நீல ஒளி பட்டால் அது மஞ்சள் கலந்த பச்சை ஒளியை உமிழும். கேமராவின் ஒளிவிளக்குக்கு முன் நீல வடிகட்டி இருக்கும். படம் பதியும் பக்கத்தில் அந்த நீலத்தைத் தடுத்துப் பச்சையை மட்டும் விடும் மற்றொரு வடிகட்டி இருக்கும். எனவே சாயம் இருக்கும் இடம் மட்டுமே படத்தில் வெண்மையாகப் பதியும், மற்றவை கறுப்பாக இருக்கும். இந்த எளிய அமைப்பைக் கொண்டு 1960ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவின் இந்தியானாவில் நோவோட்னி, ஆல்விஸ் என்ற இரண்டு மருத்துவ மாணவர்கள் மனிதக் கண்ணில் தெளிவான படங்களை எடுத்துக் காட்டினார்கள். சாயத்தை யாருக்குச் செலுத்துவது என்று நாணயம் சுண்டிப் பார்த்து, ஆல்விஸ் தம் கையை நீட்டினார். கண் மருத்துவ இதழ் ஒன்று அவர்களுடைய கட்டுரையை ஏற்க மறுத்தது. இரத்த ஓட்டம் பற்றிய சர்குலேஷன் என்ற இதழில்தான் 1961இல் அது வெளிவந்தது.

சாயம் இரத்தத்தில் கலந்ததும் அதில் ஏறத்தாழ 80 விழுக்காடு அல்புமின் போன்ற புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும், மீதி தனித்து மிதக்கும். நலமான விழித்திரைக் குழாய்களின் உட்சுவரில் செல்கள் இடைவெளியின்றி இறுகப் பிணைந்திருப்பதால் அந்தத் தனித்த சாயம்கூட வெளியேறாது. சர்க்கரை நோய் அந்தச் சுவரைத்தான் முதலில் குலைக்கிறது. சுவர் குலைந்த இடத்தில் சாயம் கசியும், கசிந்த இடம் நொடிக்கு நொடி பெரிதாகி வெளுக்கும். ஓ.சி.டி. ஸ்கேன் நீர் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று காட்டும். எந்தக் குழாயிலிருந்து வருகிறது என்று அதனால் சொல்ல முடியாது. வீட்டுச் சுவரில் ஈரம் பூத்திருப்பதைப் பார்ப்பதற்கும், எந்தக் குழாய் இணைப்பு ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது.

அறையில் நடப்பதைச் சொல்கிறேன், உங்கள் தாயாருக்கு அது தெரிந்திருந்தால் அச்சம் குறையும். விளக்கை அணைத்திருப்பார்கள். மோவாயைத் தாங்கியில் வைத்து நெற்றியைப் பட்டையில் அழுத்திக்கொண்டு ஒரு சிறு விளக்கையே பார்க்கச் சொல்வார்கள். சாயம் ஏறத் தொடங்கியதும் நேரத்தை எண்ணத் தொடங்குவோம். 10 முதல் 15 நொடிகளுக்குள் விழித்திரைக்குப் பின்னால் உள்ள கோராய்டு படலம் திட்டுத்திட்டாக வெளுக்கும். ஒரு நொடி கழித்துத் தமனிகள் ஒளிரும். பிறகு சிரைகள். சிரை நிரம்பும் விதத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலித்ததில்லை: சிறு கிளைகளிலிருந்து வரும் சாயம் சுவரை ஒட்டியே ஓடுவதால் முதலில் இருபுறமும் இரண்டு வெள்ளைக் கோடுகளும் நடுவே ஒரு கறுப்பு ஓடையும் தெரியும், சில நொடிகளில் அந்த ஓடையும் நிறைந்துவிடும். அரை நிமிடத்துக்குள் படங்களின் பெரும்பகுதியை எடுத்துவிடுவோம். பிறகு இடைவெளி விட்டு விட்டு ஏறத்தாழ 10 நிமிடங்கள் வரை சில படங்கள். கடைசியில் நல்ல குழாய்களில் சாயம் வடிந்து மங்கியிருக்கும், கசிந்த இடம் மட்டும் வெளுத்து நிற்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சர்க்கரை நோயாளியின் விழித்திரையை வண்ணப் படமாக எடுத்தால் சிவப்புப் புள்ளிகள் பல தெரியும். சில குழாயின் நுண்புடைப்புகள், சில உறைந்த இரத்தத் துளிகள்; வண்ணப் படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். சாயம் செலுத்தியதும் புடைப்புகள் விண்மீன்களைப் போல ஒளிரும், இரத்தத் துளிகள் ஒளியை மறைத்துக் கறுப்பாகவே நிற்கும். லேசர் வைப்பதாக இருந்தால் மருத்துவர் குறிவைக்க வேண்டியது ஒளிரும் புள்ளிகளில் கசிபவற்றை.


மறுமொழி: மேற்கு வாசல்

எனக்கு 29 வயதில் ஈல்ஸ் நோய் வந்தது. விழித்திரையின் ஓரச் சிரைகள் அழற்சியுற்று அடைபடும் நோய் அது. இந்தியாவில் இளம் வயது ஆண்களிடம் அதிகம் காணப்படுகிறது என்று மருத்துவர் சொன்னார். ஒரு காலையில் வலது கண்ணில் கறுப்பு நூல்கள் மிதக்கத் தொடங்கின, மாலைக்குள் புகைபோல் மூடியது. அப்போது எடுத்த ஆஞ்சியோ படங்களில், விழித்திரையின் ஓரத்தில் இரத்தமே செல்லாத பகுதி ஒரு கறுப்பு மேடையைப் போலவும், அதன் விளிம்பில் புதிதாக முளைத்த தீய குழாய்கள் சாயத்தைக் கக்கிக்கொண்டு பஞ்சுப்பொதி போலவும் தெரிந்தன. அந்தப் படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் லேசர் வைத்தார்கள். பார்வை தப்பியது.

என் அனுபவத்தில் இருவகையும் உண்டு. முதல் முறை, ஊசி ஏறி அரை நிமிடத்தில் குமட்டல் வந்து, மூச்சை ஆழமாக இழுத்துவிட்ட சில நிமிடங்களில் அடங்கியது. மறு ஆண்டு வேறோர் இடத்தில் எடுத்தபோது ஊசி குழாயிலிருந்து நழுவிச் சாயம் தோலுக்கடியில் பரவிவிட்டது. கடும் எரிச்சல். நான் சொன்ன பிறகும் செவிலியர் உடனே நிறுத்தவில்லை. முழங்கை மூன்று நாட்கள் வீங்கிக் கிடந்தது. ஆகவே உங்கள் தாயாரிடம் சொல்லிவையுங்கள்: கையில் எரிந்தால் படம் கெட்டுவிடுமே என்று பொறுத்துக்கொள்ள வேண்டாம், உடனே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தோல் சில மணி நேரம் மஞ்சளாக இருக்கும். சிறுநீர் அடர்ந்த மஞ்சளாக ஒரு நாளுக்கு மேலும் போகும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் மஞ்சள் காமாலை என்று பயந்துவிடுவார்கள். என் தாயார் அப்படித்தான் கீழாநெல்லி தேடப் போய்விட்டார்.


வைகை வடகரை

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இருட்டறை ஐயா எழுதியதை அம்மாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். "தொடையில் குழாய் இல்லைதானே" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார்கள், இன்று இரவு உறங்குவார்கள் என்று நம்புகிறேன். சிறுநீரகம் பற்றியும் சாயமில்லாத ஆஞ்சியோ பற்றியும் மருத்துவர் எவரேனும் சொன்னால் உதவியாக இருக்கும்.


மறுமொழி: விழித்திரை மாணவி

நான் விழித்திரைத் துறையில் மேற்படிப்புப் பயிலும் மருத்துவர். உங்கள் தாயாரை நேரில் பார்க்காததால் பொதுவாகவே சொல்ல முடியும்.

இதயத்துக்குச் செலுத்துவது அயோடின் கலந்த சாயம். சிறுநீரகத்தைப் பற்றிய எச்சரிக்கையும் மெட்பார்மினை நிறுத்தும் வழக்கமும் அதைச் சார்ந்தவை. புளோரசீனில் அயோடின் இல்லை. அது சிறுநீரகத்தைக் கெடுப்பதாகக் கருதப்படுவதில்லை; டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும் இதை எடுக்கிறோம். உடலிலிருந்து வெளியேறச் சற்றுக் கூடுதல் நேரமாகும் என்பதால் சிலர் அளவைக் குறைத்துச் செலுத்துவார்கள். எனவே 1.7 என்ற அளவை மறக்காமல் சொல்லிவிடுங்கள். அதைவிட முக்கியமாக, ஆஸ்துமா உண்டா, எந்த மருந்துக்காவது முன்பு தோல் தடித்ததா, முகம் வீங்கியதா என்பதைச் சொல்ல வேண்டும். கடும் ஒவ்வாமை மிக அரிது. 1986இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வொன்று உயிரிழப்பை ஏறத்தாழ 2,22,000 பேரில் ஒருவர் என்று கணக்கிட்டது. அரிது என்றாலும் உண்டு என்பதால், அவசர மருந்துகளும் ஆக்சிஜனும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் இடத்தில்தான் இதை எடுக்க வேண்டும். சாயம் சில நாட்கள் வரை இரத்த, சிறுநீர்ச் சோதனைகளின் முடிவைப் பிறழச் செய்யலாம். கிரியாட்டினின் மறுபடி பார்க்க வேண்டியிருந்தால் ஆஞ்சியோவுக்கு முன்பே இரத்தம் கொடுத்துவிடுங்கள்.

ஓ.சி.டி. ஆஞ்சியோ நீங்கள் கேள்விப்பட்டதைப் போலச் சாயமில்லாததுதான், நல்ல கருவிதான். ஒரே கோட்டைச் சில மில்லிநொடி இடைவெளியில் மீண்டும் மீண்டும் ஸ்கேன் செய்து ஒப்பிடுகிறது. அசையாத திசு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்கும், ஓடும் இரத்த அணுக்கள் இருக்கும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். மாறிய இடங்களை மட்டும் கோத்துக் குழாய்களின் வரைபடமாக்குகிறது. தந்துகிகள் எனப்படும் மிக நுண்ணிய இரத்தக்குழாய்களில் மேலடுக்கில் உள்ளவற்றையும் கீழடுக்கில் உள்ளவற்றையும் தனித்தனியே பிரித்துக் காட்டுவதில் சாயப் படம் இதற்கு இணையாகாது. மாகுலாவின் நடுவில் இரத்தக்குழாயே இல்லாத ஒரு சிறு வட்டம் இயல்பாகவே உண்டு, அதன் குறுக்களவு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். அது எவ்வளவு விரிந்திருக்கிறது என்று அளக்க ஓ.சி.டி. ஆஞ்சியோவையே நான் விரும்புவேன். கருவுற்ற பெண்களுக்கும் சாயம் ஒவ்வாதவர்களுக்கும் இது பெரும் துணை.

ஆனால் அது காட்டுவது ஓட்டத்தை மட்டுமே. கசிவு அதற்குத் தெரியாது, ஏனெனில் சுவர் வழியே ஊறிவரும் நீரில் வேகமாக நகரும் அணுக்கள் இல்லை. நுண்புடைப்புகளில் இரத்தம் தயங்கி நிற்கும்போது அவையும் விடுபட்டுப்போகும். உங்கள் தாயாருக்கு இருப்பதைப் போல மாகுலா வீங்கியிருந்தால் அடுக்குகளின் எல்லைகளைக் கணினி பிழையாகப் பிரிக்கும். கண் கொஞ்சம் அசைந்தாலும் படத்தில் வெள்ளைக் கீற்றுகள் விழும். இவற்றுக்கு மேல், வழக்கமாக எடுப்பது 3 அல்லது 6 மில்லிமீட்டர் சதுரம். 17 ஆண்டு சர்க்கரை உள்ள கண்ணில், ஓரப்பகுதிகளில் இரத்தம் செல்லாத இடங்களோ புதுக்குழாய்களோ இருக்கின்றனவா என்று பார்ப்பதும் மாகுலாவுக்கு இணையாக முக்கியம். உங்கள் மருத்துவர் சாயப் படத்தைக் கேட்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன்.

மாகுலாவின் நடுவில் வீக்கம் இருந்தால் இப்போது பெரும்பாலும் கண்ணுக்குள் போடும் ஊசியையே முதலில் தேர்கிறோம். நடுவுக்கு அப்பால், தனித்த சில புடைப்புகள் மட்டுமே கசிந்தால் லேசர் போதுமானதாக இருக்கலாம். நடுப்பகுதியின் தந்துகிகள் அடைபட்டிருப்பதாகத் தெரிந்தால், வீக்கம் வடிந்த பிறகும் பார்வை எதிர்பார்த்த அளவு திரும்பாமல் போகலாம் என்பதை முன்கூட்டியே உங்களிடம் சொல்வார்கள். அந்தக் கேள்வியை நீங்களே கேளுங்கள். படத்தைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். முதல் அரை நிமிடப் படத்தையும் கடைசிப் படத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் கசிவு உங்கள் கண்ணுக்கே தெரியும்.


வைகை வடகரை

நன்றி மருத்துவர் அம்மா. அம்மாவுக்குச் சிறு வயதில் பென்சிலின் ஊசிக்கு உடல் தடித்தது என்று இன்று கேட்டபோதுதான் சொன்னார்கள். அதைச் சீட்டில் எழுதி ஓ.சி.டி. அறிக்கையோடு இணைத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை கிரியாட்டினினுக்கு இரத்தம் கொடுக்கிறோம், வியாழக்கிழமை ஆஞ்சியோ. படங்கள் கைக்கு வந்ததும் என்ன சொன்னார்கள் என்று இங்கேயே எழுதுகிறேன்.