பேண்ட்சாவில் பிளேடு விலகினால் திருத்த வேண்டியது ஃபென்ஸையா, பிளேடையா?

உளிமுனை:
பேண்ட்சாவில் (இரு சக்கரங்களின் மேல் வளையமாக ஓடும் பட்டை ரம்பம்) 150 மி.மீ. உயரப் பலகையை ஃபென்ஸை (பலகைக்கு வழிகாட்டும் மேசைத் தடுப்பை) ஒட்டித் தள்ளி இரண்டாகப் பிளக்கும்போது, பிளேடு இடப்பக்கம் விலகுகிறது. பிளந்த முகமும் நடுவில் பிதுங்குகிறது. பிளேடு அரை அங்குல அகலம், அங்குலத்துக்கு 6 பற்கள். எதைச் சரிசெய்வது?

சீவுளி:
ஒவ்வொரு பிளேடுக்கும் தனக்கென ஒரு சாய்வு, அதாவது அறுக்கும்போது ஒரு பக்கம் ஒதுங்கும் போக்கு, உண்டு. ஃபென்ஸை அதற்கேற்பத் திருப்புவதே நடைமுறை வழி. உதவாத பலகை ஒன்றில் நேர்விளிம்புக்கு இணையாகக் கோடு வரைந்து, ஃபென்ஸ் இல்லாமல் அக்கோட்டின் மேலேயே பாதிவரை அறுங்கள். பலகையை அசைக்காமல் மோட்டாரை நிறுத்தி, அதன் விளிம்பை ஒட்டி மேசையில் பென்சில் கோடிட்டு, ஃபென்ஸை அந்தக் கோணத்தில் பூட்டுங்கள்.

தேக்கன்:
நண்பர் சீவுளியின் சோதனை சரியானதே. ஆனால் அது கோளாறை அளக்கிறதே தவிர நீக்குவதில்லை. பிளேடை மாற்றிய அன்றே அந்தக் கோணம் பயனற்றுப் போகும். அதைவிட முக்கியமாக, இங்கே இரண்டு கோளாறுகள் கலந்திருக்கின்றன. முகம் பிதுங்குவது மரத்துக்குள் பிளேடு வில்லாக வளைவதால்தான். அதை எந்த ஃபென்ஸ் கோணமும் தடுக்காது. இவ்வளவு உயரமான பலகையில் 6 பற்கள் என்றால், பல்லிடைக் குழிகள் மரத்தைவிட்டு வெளியேறும் முன்பே தூளால் நிரம்பி, பிளேடு வெட்ட முடியாமல் ஒதுங்கும். அங்குலத்துக்கு 3 பற்கள் உள்ள பிளேடு, போதிய இழுவிசை, நிதானமான தள்ளுதல் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் இது தீரும்.

சீவுளி:
பிதுங்கலைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் புத்தம்புதிய பிளேடும் விலகுகிறதே, அதற்கு என்ன சொல்வீர்கள்?

தேக்கன்:
அதற்கு முதலில் சக்கரத்தைப் பாருங்கள். பல சக்கரங்களில் ரப்பர் பட்டையின் நடு சற்றே மேடாக இருக்கும். பிளேடு அந்த மேட்டின் முன்சரிவில் ஓடுகிறதா பின்சரிவில் ஓடுகிறதா என்பதைப் பொறுத்து அது நோக்கும் திசை மாறும். மின் இணைப்பைத் துண்டித்து, கைடுகளை (பிளேடு விலகாமல் தாங்கும் பிடிகளை) முழுவதும் பின்னுக்குத் தள்ளிவிட்டு, மேல் சக்கரத்தின் சாய்வைத் திருத்தி, பல்லிடைக் குழிகள் மேட்டின் நடுவில் வருமாறு கையால் சுழற்றிப் பாருங்கள். பிறகே பக்கவாட்டுக் கைடுகளைக் குழிகளுக்குச் சற்றுப் பின்னால், ஒரு தாள் நுழையும் இடைவெளியில் நிறுத்துங்கள். கைடு பல்லைத் தொட்டால் அந்தப் பக்கத்து விரிப்பு (பற்கள் வெளிப்பக்கம் வளைந்திருக்கும் அளவு) தேய்ந்து, பிளேடு மறுபக்கம் இழுக்கும். ஒரு பக்கம் மழுங்கிய பிளேடும் கூர்மையான பக்கத்துக்கே போகும். அத்தகைய பிளேடை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

சீவுளி:
இவ்வளவும் செய்த பின்னும் சிறு சாய்வு எஞ்சினால், நல்ல பிளேடைத் தூக்கி எறியாமல் ஃபென்ஸைத் திருப்புவதில் தவறில்லை என்பதில் உறுதியாக இருக்கிறேன்.

தேக்கன்:
எஞ்சிய சாய்வுக்கு மட்டும் என்றால் உடன்படுகிறேன். உளிமுனை, உங்கள் கைடுகள் இப்போது எங்கே நிற்கின்றன?