மார்கழி (டிசம்பர்) 26 ஐப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

ரீச்சர்_முல்லை:
வணக்கம். நான் வவுனியாவில் பிறந்து வளர்ந்தவள். இப்போது முல்லைத்தீவுக் கரையோரப் பாடசாலை ஒன்றில் எட்டாம் ஆண்டுக்குப் படிப்பிக்கிறேன். 2004 சுனாமியின்போது எனக்கு ஐந்து வயது. நினைவு நாளுக்கு முன் ஒரு பாடவேளை சுனாமி பற்றிப் பேச வேண்டும். "கடல் உள்வாங்கினால் ஓட வேண்டும்" என்று சொன்னேன். ஒரு பொடியன் எழும்பி, "எங்கட அம்மம்மா கடல் உள்ள போகேல்லை, நேரா வந்ததெண்டு சொல்லுறா" என்றான். இன்னொரு பிள்ளை, "அண்டைக்கு ஆர் ரீச்சர் ஆக்களைக் காப்பாத்தினது?" என்று கேட்டாள். இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. அங்கே நின்றவர்கள் எழுதுவீர்களா?

கள்ளப்பாடு அக்கா:
தங்கச்சி, அந்த அம்மம்மா சொன்னது சரி. அன்று ஞாயிறு, போயா (பௌர்ணமி) விடுமுறை, நத்தாருக்கு அடுத்த நாள். எனக்குப் பத்தொன்பது வயது. ஒன்பது மணி இருக்கும், கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டு நின்றேன். முதலில் வந்தது முழங்கால் அளவு தண்ணீர்தான். மிதந்து போன வாளியை எட்டிப் பிடித்தேன். பிறகு தண்ணீர் வற்றிவிட்டது. அந்த இடைவெளியில்தான் என் தம்பி வள்ளத்தைப் பார்க்கக் கரைக்கு ஓடினான். திரும்பி வரவில்லை.

இரண்டாவது வந்தபோது அந்த இரைச்சலைக் குண்டு போடும் கிபிர் விமானம் என்றுதான் நினைத்தோம். சமாதான காலம் என்பதுகூட ஞாபகம் வரவில்லை. பக்கத்து வீட்டு ஐயா "விழுந்து படுங்கோ" என்று கத்தினார். குண்டுக்குப் பழகிய சனம், வேறென்ன செய்யும்? பனை உயரம் வந்தது என்பார்கள். நான் உயரத்தைப் பார்க்கவில்லை, நிறத்தைப் பார்த்தேன். தார் மாதிரிக் கறுப்பு.

என்னை மறித்தது முள்ளுக்கம்பி வேலி. அதுவே காலையும் கிழித்தது. அயலில் ஒரு பெரியம்மா, அறுபது தாண்டியவர், நீந்தத் தெரியாதவர், பூவரசங்கிளையில் ஏறியிருந்தார். கொடியில் காயப்போட்ட சேலை ஒன்று கிளையில் சிக்கியிருந்தது. ஒரு முனையை மரத்தில் கட்டி மற்றதை எனக்கு எறிந்தார். எட்டவில்லை. இழுத்தெடுத்துத் திரும்ப எறிந்தார். அதுவும் எட்டவில்லை. அப்புறம் முனையில் முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டுப் பாரமாக்கி எறிந்தார். அந்த முடிச்சைத்தான் பிடித்தேன். எனக்கு முன்னமே இரண்டு சின்னப் பிள்ளைகளை ஏற்றி வைத்திருந்தார். அவருடைய சொந்தப் பேத்தி எங்கே என்று அந்த நேரம் அவருக்கே தெரியாது.

தண்ணீர் வடிந்ததும் சனம் கடலுக்கு உள்ளே தள்ளி இருக்கும் முள்ளியவளை ஊர்ப் பக்கம் ஓடியது. எதிரே உழவு மெசின்கள் கடலை நோக்கி வந்தன. "திரும்பவும் வருது" என்று சனம் கத்தக் கத்த வந்தன. ஒரு பொடியன் தன் சாரத்தைக் கிழித்து என் காலைக் கட்டினான். முகம் இன்றும் தெரியும், பெயர் தெரியாது. ஆர் காப்பாற்றினது என்று கேட்ட பிள்ளைக்கு இவர்களைச் சொல்லுங்கள், தங்கச்சி.

புவியியல் பொடியன்:
அக்கா, வாசித்துவிட்டுக் கனநேரம் எழுத முடியவில்லை. கடல் ஏன் நேரே வந்தது என்பதை மட்டும் சொல்கிறேன், ரீச்சர். சுமாத்திராப் பக்கம் அப்போதைய இலங்கை நேரப்படி காலை 6.58 க்கு நிலம் உடைந்தபோது, நமக்கு நேரான மேற்குப் பக்கக் கடலடி மேலே தூக்கப்பட்டது, கிழக்குப் பக்கம் தாழ்ந்தது. அதனால் தாய்லாந்தில் கடல் முதலில் உள்வாங்கியது. நமக்கு முதலில் வந்தது ஏற்றம். உள்வாங்கியது அதற்குப் பிறகு. "உள்வாங்கினால் ஓடு" என்பது பிழையில்லை, ஆனால் பாதி. முற்றத்துக்குக் கொஞ்சத் தண்ணீர் வந்து வற்றினாலும் ஓட வேண்டும், அடுத்தது பெரிதாக வரலாம். 1,500 கிலோமீற்றருக்கும் அப்பாலிருந்து அலை வரக் கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலம் ஆனது. இந்து சமுத்திரத்துக்கு அப்போது எச்சரிக்கை முறை இல்லை. அந்த இரண்டு மணித்தியாலத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

சுமாத்திராவுக்குப் பக்கத்தில் சிமலூ என்று ஒரு தீவு. 1907 இல் அங்கே கடல் வந்து ஏராளம் பேர் இறந்தார்கள். அதிலிருந்து பாட்டிமார் "ஸ்மோங்" (அவர்கள் மொழியில் சுனாமி) என்ற சொல்லையும் அதன் கதையையும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்திருக்கிறார்கள். 2004 இல் நிலம் ஆடியதும் "ஸ்மோங்" என்று கத்திக்கொண்டு மலைக்கு ஓடினார்கள். கிட்டத்தட்ட 78,000 பேர் இருந்த தீவில் இறந்தது 7 பேர். உங்கள் வகுப்பில் எழும்பி நின்ற பொடியனின் அம்மம்மாவும் அப்படி ஒருவர்தான்.

முள்ளியவளை மெசின்காரன்:
பிள்ளை, நானும் அன்று மெசின் கொண்டு வந்தவன். உன்னை ஏற்றினேனோ தெரியாது. முதல் தரம் வரும்போது பயமில்லை, என்ன நடந்தது என்று தெரியாமல்தான் வந்தோம். ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு மெசின் பெட்டியைப் பார்த்தபோதுதான் கை நடுங்கியது. இரண்டாவது தரம் திரும்பும்போது மனைவி ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு தானே கையை எடுத்துவிட்டு, வீட்டிலிருந்த பாய், படங்கு எல்லாம் தூக்கிப் பெட்டியில் போட்டாள். அவளையும் சொல்லுங்கோ ரீச்சர்.

ரீச்சர்_முல்லை:
எல்லாருக்கும் நன்றி. அக்கா, வகுப்புக்கு ஒருநாள் வர முடியுமா? அந்தப் பூவரசு இன்னும் நிற்கிறதா?

கள்ளப்பாடு அக்கா:
பூவரசு இல்லை, கிணறு இருக்கிறது. செவ்வாய் பின்னேரம் வருகிறேன். முதலில் பிள்ளைகளைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அங்கிருந்து எந்த ஒழுங்கையால் ஓடினால் பெரிய வீதிக்கு ஏறலாம், எத்தனை நிமிடம் ஆகும் என்று மணிக்கூட்டைப் பார்த்து ஓடிப் பார்க்கட்டும். சின்னத் தம்பி தங்கச்சி இருக்கிற பிள்ளைகள் அவர்களைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.