பழைய ரிவி கேமும் புது ரிவியும்: வன்னி அனுபவங்கள்

பரந்தனிலிருந்து:
ஒரு கடைக்காரர் சொன்னது இன்னும் உறுத்துகிறது. அண்ணாவின் பிளேஸ்டேஷன் கேம் மெசின், 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு வாங்கியது. வவுனியாவில் பெரியம்மா வீட்டில் கிடந்ததால்தான் தப்பியது. பழைய மெசினின் படத்தைப் புது ரிவிக்கு ஏற்றபடி மாற்றும் கொன்வேட்டர் கேட்டு வாங்கிப் பூட்டினால் வெறும் நீலத்திரை. திரும்பக் கொண்டுபோனேன். தொட்டுக்கூடப் பார்க்காமல், "மெசின் செத்துவிட்டது, எறிந்துவிடுங்கள்" என்றார். ஏவி என்பது பழைய மெசினின் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர். எச்டிஎம்ஐ என்பது புது ரிவியின் தட்டைத் துளை. அவர் தந்ததோ 'எச்டிஎம்ஐ டு ஏவி'. அது புதுக் கருவியைப் பழைய ரிவியில் பூட்டுவதற்கு. எமக்குத் தேவை 'ஏவி டு எச்டிஎம்ஐ'. இரண்டும் பார்வைக்கு ஒரே சின்னப் பெட்டிதான். வேறு கடையில் சரியானதை வாங்கினேன். மெமரி கார்டில் அண்ணா சேமித்த ஆட்டம் அப்படியே இருந்தது. அதையா எறியச் சொன்னார்!

முள்ளியவளையிலிருந்து:
படம் வந்தால் எல்லாம் வந்துவிட்டது என்பதுபோல் எழுதாதீர்கள். வாத்து சுடும் கேமைப் பூட்டிக் கொடுத்தேன். மருமகன் திரையில் துப்பாக்கியை முட்டவைத்துச் சுட்டும் ஒன்றும் விழவில்லை. தனக்குச் சுடத் தெரியவில்லை என்று அழுதே விட்டான். விசையை அழுத்தியதும் திரை கறுத்து, வாத்து நிற்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கியின் கண் அந்தக் கணத்தில் அதைக் காண வேண்டும். எல்இடி ரிவியில் படம் பிந்தி வருகிறது. பின்பக்கம் தடித்த பழைய குழாய் ரிவி இல்லாமல் அந்தக் கேம் இல்லை. (அம்மம்மாவுக்கு நிம்மதி. விளையாட்டுத் துப்பாக்கியைக்கூட அவர் வீட்டுக்குள் விடமாட்டார்.)

வவுனியாவிலிருந்து:
துப்பாக்கிக் கேம் ஒன்றுக்காகக் குழாய் ரிவியைத் தூக்கிப் பிடிப்பது சரியல்ல. மற்ற கேம்களுக்கு ரிவி மெனுவில் 'கேம் மோட்' போட்டால் பிந்துவது நன்றாகக் குறையும். மாமா கொன்வேட்டர் வாங்கப் புறப்பட்ட நேரம், எங்கள் ரிவியின் பின்பக்கத்தில் ஏவி என்று எழுதிய சின்ன வட்டத் துளை அகப்பட்டது. காசு மிச்சம். ஆகவே எல்லோரும் முதலில் ரிவியைத் திருப்பிப் பாருங்கள். அந்தத் துளைக்கு மூன்று கறுப்பு வளையம் உள்ள பிளக் வயர் வேண்டும். எல்லா வயரும் ஒரே ஒழுங்கில் இராது. மஞ்சளில் படம் வராவிட்டால் சிவப்பை மாற்றிப் பாருங்கள். சில ரிவிகளில் மஞ்சளுக்கென்று தனித்துளை இல்லை, பச்சைத் துளையில்தான் குத்த வேண்டும். கொன்வேட்டர்தான் வழி என்றால் அதற்கு 5 வோல்ட் மின்சாரம் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் ரிவியின் யுஎஸ்பி துளையே போதும். படத்தை 4:3 என்ற பழைய அகல உயர அளவில் வையுங்கள், இழுத்து அகட்டினால் ஆட்கள் எல்லோரும் குண்டாகிவிடுவார்கள். கனடாவிலிருந்து வந்த மெசின் என்றால் அடப்டரில் எழுதியிருப்பதை வாசியுங்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230.

புதுக்குடியிருப்பிலிருந்து:
வவுனியா அண்ணா, கடைசி வரியைத்தான் நீங்கள் முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும். சித்தப்பா கனடாவிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த சூப்பர் நின்டெண்டோவை நேரே சுவரில் குத்தினார். அடப்டர் கருகிய மணம் வீடு முழுக்க. நல்லவேளை, மெசின் பிழைத்தது. வேறு அடப்டர் தேடி, ஏரியல் துளை வழியாகப் பூட்டினால் படம் வந்தது, சத்தம் மட்டும் வெறும் இரைச்சல். அந்த நாட்டின் பழைய ஒளிபரப்பு முறையில் ஒலி படத்திலிருந்து 4.5 மெகாஹேர்ட்ஸ் தள்ளி வரும். எங்கள் ரிவி அதை 5.5இல் தேடுகிறது. மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர் பூட்டியதும் பாட்டோடு ஆட்டம் தொடங்கியது. கனடா மெசினுக்கு ஏரியல் வயரை நம்ப வேண்டாம்.