குளிர் காலையில் கீச்சிடும் மோரிஸ் மைனர் வேகமானி: ஆலோசனை தேவை

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):
வணக்கம். அப்பா வைத்திருந்த 1962ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் கார் இப்போது என் பராமரிப்பில் உள்ளது. ஜூலை மாதக் குளிரில் வண்டியை எடுத்தால், ஸ்மித்ஸ் நிறுவனத்தின் வேகமானி முதல் சில மைல்களுக்குக் கீச்சென்று கத்துகிறது, பிறகு அடங்கிவிடுகிறது. மெதுவாகச் செல்லும்போது முள்ளும் ஊசலாடுகிறது. கியர்பாக்ஸிலிருந்து வேகமானிக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் கேபிளுக்குள் மேலிருந்து எண்ணெய் ஊற்றினால் போதும் என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள். அப்படிச் செய்யலாமா?

மறுமொழி (சாட்ஸ்வொர்த், டர்பன்):
தம்பி, தயவுசெய்து மேலிருந்து எண்ணெய் ஊற்ற வேண்டாம். அது மானிக்குள் இறங்கினால் எண் தட்டு கறைபடும். உள்ளே காந்தம் சுழலும்போது அதனுடன் இழுபடும் அலுமினியக் கிண்ணத்தில் பிசுக்கு ஏறினால், முள் காட்டும் வேகமும் பொய்யாகிவிடும். முதலில் கேபிளை மானியிலிருந்து கழற்றி, அதன் நுனியை ஆடாமல் கட்டிவிட்டு, ஆளில்லாத சாலையில் சிறிது தூரம் ஓட்டிப் பாருங்கள். சத்தம் தொடர்ந்தால் குறை கேபிளில். நின்றுவிட்டால் பெரும்பாலும் மானியின் சுழல்தண்டைத் தாங்கும் புஷ் உலர்ந்திருக்கிறது. குளிரில் மட்டும் கத்துவதால் எனக்குப் புஷ்ஷின் மேல்தான் சந்தேகம். அதை அப்படியே விட்டால் தண்டு இறுகி, முள் எல்லைவரை தூக்கியடிக்கப்பட்டு உடையக்கூடும்.

கேட்டவர்:
மிக்க நன்றி, அண்ணா. கேபிளைக் கழற்றியதும் சத்தம் நின்றுவிட்டது. ஆனால் முள் ஊசலாடுவதற்கும் இதுவேதான் காரணமா?

மறுமொழி (சாட்ஸ்வொர்த், டர்பன்):
அதற்குக் கேபிளையும் பார்க்க வேண்டும். உட்கம்பியை உருவித் துடைத்து, மேசைமேல் நேராக நீட்டி, ஒரு நுனியை விரல்களால் உருட்டுங்கள். மறுநுனி துள்ளித் துள்ளித் திரும்பினால் கம்பி முறுக்கேறியிருக்கிறது, அதை மாற்றத்தான் வேண்டும். நல்ல கம்பியாக இருந்தால், கியர்பாக்ஸ் பக்கத்து மூன்றில் இரண்டு பங்கிற்கு மட்டும் மெல்லிய கிரீஸ் தடவுங்கள். மேல்பகுதியைத் தொடவே வேண்டாம். உறையை எங்கும் கூர்மையாக வளைக்காமல் பொருத்துங்கள். மானியைக் கழற்றி, முகம் கீழே இருக்கும்படி வைத்து, கேபிள் பொருந்தும் துளையருகே உள்ள புஷ்ஷில் தையல் இயந்திர எண்ணெய் ஒரே ஒரு துளி விட்டு, ஓர் இரவு ஊற விடுங்கள்.

கம்பியை உருவும்போது அது கறுத்த எண்ணெயில் நனைந்திருந்தால், கியர்பாக்ஸிலுள்ள எண்ணெய்த் தடுப்பு வளையம் தேய்ந்திருக்கிறது என்று பொருள். சுழலும் கம்பியின் புரிவழியே அந்த எண்ணெய் மானிவரை ஏறும். ஆகவே முதலில் வளையத்தை மாற்றிவிட்டே மற்ற வேலைகளைத் தொடங்குங்கள்.