ரிபட், ரிஃபியூட்: இரண்டும் ஒன்றுதானா?

கேள்வி (கல்லூரி மாணவி, நாகர்கோவில்):
அனைவருக்கும் வணக்கம். ஆங்கில விவாதப் போட்டிக்கான விதிமுறைத் தாளில் எதிரணிக்குப் பதில் சொல்லும் சுற்றை 'ரிபட்டல்' என்கிறார்கள். பயிற்சிக் குறிப்பிலோ 'எதிரணியின் கருத்தை ரிஃபியூட் செய்க' என்று உள்ளது. என்னிடமுள்ள அகராதி இரண்டுக்கும் 'மறு' என்றே பொருள் தருகிறது. வேறுபாடு உண்டா?

மறுமொழி (வழக்கறிஞர், தக்கலை):
உண்டு. எதிர்வாதமோ எதிர்ச்சான்றோ முன்வைப்பது ரிபட். ஒரு கூற்று பொய்யென்று நிறுவிவிடுவது ரிஃபியூட். காசோலை வழக்குகளில் இது கண்கூடு. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 139ஆம் பிரிவின்படி, காசோலை கடனைத் தீர்க்கவே தரப்பட்டது என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும். அந்த அனுமானத்தை ரிபட் செய்ய, கடனே இல்லை என்று எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. நம்பத்தகுந்த எதிர்வாதம் ஒன்றை எழுப்பினாலே போதும் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அவ்வாறு தப்பியவர் புகாரை ரிஃபியூட் செய்துவிட்டார் என்று நான் எழுத மாட்டேன்.

மறுமொழி (தமிழாசிரியர், திருவட்டாறு):
நன்னூல் கூறும் எழுவகை மதத்தில் (மதம் என்றால் இங்கே கொள்கை) 'மறுத்தல்' தனியாகவும், 'பிறர்தம் மதம் மேற்கொண்டு களைதல்' தனியாகவும் நிற்கின்றன. பின்னது, பிறர் கொள்கையை முதலில் ஏற்பதுபோல் எடுத்துக்கொண்டு பிறகு நீக்குவது. இதை ரிஃபியூட் என்பதற்கு நேர்ச்சொல்லாகக் கொள்ள முடியாதுதான். ஆயினும் மறுப்பில் வகை உண்டு என்பது நமக்குப் புதிதன்று.

மறுமொழி (முன்னாள் விவாதப் பயிற்சியாளர், குழித்துறை):
தங்கைக்கு மேடைக்கேற்ற எடுத்துக்காட்டு ஒன்று. 'இந்த ஊரின் வயல்களை அழித்தது ரப்பர்' என்று எதிரணி சொல்கிறது. 'ரப்பர் பெரும்பாலும் மலைச்சரிவில் வளர்வது. வயல்கள் வாழைக்கும் வீட்டுமனைக்கும் போயிருக்கலாம்' என்று நீங்கள் சொன்னால் அது ரிபட்டல். அவ்வூர்க் கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள அடங்கலில் (பயிர்ப் பதிவேட்டில்), அந்தப் புல எண்களில் எந்த ஆண்டும் ரப்பர் பதிவாகவில்லை என்று காட்டிவிட்டால் ரிஃபியூட். ஐந்து நிமிடச் சுற்றில் அடங்கலைப் புரட்டிக்கொண்டிருக்க யாருக்கு நேரம்? எனவே மேடையில் 'ரிபட்' என்பதே பாதுகாப்பு. நாளிதழ்கள் 'அமைச்சர் குற்றச்சாட்டை ரிஃபியூட் செய்தார்' என்று எழுதுவதைப் பின்பற்ற வேண்டாம். அவர் இல்லையென்று சொன்னார், அவ்வளவே, அதற்கு 'டினை' (deny) போதும். சில அகராதிகள் அந்தப் பொருளையும் ஏற்றுவிட்டன என்றாலும், கண்டிப்பான நடுவர் ஏற்பாரா என்பது ஐயமே.