புதுப்பிப்பு: விசையை அழுத்தியதும் நின்றுபோன சங்கிலி ரம்பம் சரியாகிவிட்டது

கிராஞ்சிப் பண்ணையில் எங்கள் சங்கிலி ரம்பம் கிளம்பும், வேகம் கூட்டும் விசையை அழுத்தியதும் அடங்கிவிடும் என்று போன வாரம் கேட்டிருந்தேன். வழி சொன்ன அனைவருக்கும் நன்றி.

முதலில் ஸ்பார்க் பிளக்கை மாற்றி, இடைவெளியை 0.5 மி.மீ. வைத்தேன், பலனில்லை. பெட்ரோல் தொட்டிக்குள் இருக்கும் வடிகட்டியைப் பார்க்கச் சொன்ன அண்ணனின் யோசனைதான் பலித்தது. கம்பிக் கொக்கியால் வெளியே இழுத்தால், வெள்ளையாக இருக்க வேண்டியது தேயிலைச் சக்கை நிறத்தில் பிசுபிசுத்தது.

எதிர்பாராதது ஒன்று: பெட்ரோல் போகும் வளைந்த ரப்பர் குழாயில் மயிரிழை விரிசல். அதன் வழியே காற்று புகுந்து கலவையில் எரிபொருள் குறைந்திருக்கிறது. அப்படியே ஓட்டியிருந்தால் பிஸ்டனே பழுதாகியிருக்கும்! இரண்டையும் மாற்றி, எங்கள் ரம்பத்துக்கு உரிய 50:1 கணக்கில், லிட்டருக்கு 20 மி.லி. எண்ணெய் சேர்த்த புதுப் பெட்ரோல் ஊற்றினேன். நேற்று மழையில் விழுந்த அங்சானா மரக் கிளையை முழுவதும் அறுத்தேன், ஒருமுறைகூட நிற்கவில்லை.